பிடுங்குமுன் ஒரு வார்த்தை

அன்புள்ள சண்முகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கிய செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால், இராத்தூக்கத்தைக் கெடுக்கும் அந்தக் கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிவிடப் போவதாக நீ எழுதியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. பல்லை வைத்துக்கொண்டே உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சையைச் செய்துகொள் என்பேன்.

பிடுங்கினால் வலி போகும், உண்மைதான். ஆனால் அந்த இடத்துத் தாடையெலும்பு மெல்லத் தேயும், பக்கத்துப் பல் சாயும், எதிரே உள்ள மேற்பல் கீழிறங்கும். எலும்பில் திருகு பதித்துப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் இருக்கிறதே என்பாய். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று உண்டு. சோற்றில் கல் கடிபட்ட கணமே தாடை நின்றுவிடுவது பெரிதும் அதனால்தான். எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் டைட்டேனியத் திருகுக்கு அந்தச் சவ்வு கிடையாது. வேர் சிகிச்சையிலோ எடுப்பது பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் கூழை மட்டுமே. வெளியே உள்ள சவ்வு உயிரோடுதான் இருக்கும்.

சென்ற மாதம் என் மனைவிக்குச் செய்தபோது அருகிலிருந்து பார்த்தேன். மரத்துப்போக ஊசி போட்டபின், அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி பச்சை ரப்பர் தாளை இழுத்து மாட்டினார்கள். எச்சிலின் கிருமிகள் உள்ளே போகாமல் காக்க 1864 முதல் இருந்துவரும் ஏற்பாடு இது. அதைச் செய்யாத இடத்தில் நீ வாயைத் திறக்காதே. வேரின் நுனி எங்கே முடிகிறது என்பதைச் சிறு மின்கருவி ஒன்று பீப் ஒலியோடு காட்டியது. வளைந்த வேர்க்குழாயிலும் முறியாமல் வளைந்து போகும் உட்சுவரைச் சுரண்டும் மெல்லிய நிக்கல் டைட்டேனிய அரங்களை இப்போது பயன்படுத்துகிறார்கள். அவை தொடாத மூலைகளைச் சுத்தம் செய்வதோ துணி வெளுக்கும் பிளீச்சில் உள்ள அதே சோடியம் ஹைப்போகுளோரைட்!

வேர் சிகிச்சை செய்த பல் உடம்புக்கே நஞ்சு என்று உனக்கு வந்த வாட்ஸ்அப் செய்தி பழைய புரளி. 1910இல் வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் மான்ட்ரியலில் ஆற்றிய உரைக்குப்பின் வலுத்த எண்ணம் அது; அதை நம்பி எத்தனையோ பற்களைப் பிடுங்கித் தள்ளினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை.

வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் மட்டும் பிடுங்குவதே பெரும்பாலும் வழி. இல்லையெனில் சிகிச்சையைச் செய்துகொள்; வலி நின்றதும், பல்லின்மேல் உறைபோல மாட்டும் கேப் போடுவதைத் தள்ளிப்போட்டு, முறுக்கு கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டு, சிகிச்சையின்மேல் பழி போடுபவர்களில் ஒருவனாகிவிடாதே. எக்ஸ்ரேயைப் பார்த்து மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
முத்தையா