மாப்ள, ட்ரீம்காஸ்ட் வந்து சேந்துருச்சு

மாப்ள,

உன் மெயில் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் போடலன்னு கோவிச்சுக்காத. அம்மாவுக்கு கண்புரை ஆபரேஷன், நல்லபடியா முடிஞ்சு இப்ப பேப்பர் படிக்கிற அளவுக்கு வந்துட்டாங்க, உன்னைத்தான் ரெண்டு தடவ கேட்டாங்க, ஒரு போன் போட்டு பேசிரு. சின்னவ ஏழாவது போயிட்டா. பெரிய சேதி என்னன்னா என்கிட்ட இப்ப ஒரு ட்ரீம்காஸ்ட் இருக்கு, டிவில மாட்டி ஆடுற செகா கம்பெனியோட கடைசி கேம் கன்சோல்! சிங்கப்பூர்ல இருக்க அத்தை பையன் வீடு மாத்துறப்ப அட்டைப்பெட்டில கெடந்தத எனக்குன்னு தூக்கிட்டு வந்து குடுத்தான். இருபது வருஷத்துக்கு மேல ஆன பொட்டி, பிளக்க சொருகுனதும் ஓடுது. உள்ள இருக்க குட்டி பேட்டரி செத்துப்போச்சு, அதனால ஒவ்வொரு தடவ ஆன் பண்றப்பவும் தேதி நேரம் கேக்குது, கன்ட்ரோலர்ல சொருகுற அந்த ஸ்க்ரீன் வச்ச மெமரி கார்டு பேட்டரி இல்லாம பீப்புன்னு கத்துது, அந்த சத்தத்த கேட்டாலே எனக்கு மனசு நெறஞ்சு போகுது. கூடவே சோல் கேலிபர்ங்கற சண்டை கேம் டிஸ்க் வந்துச்சு. நேத்து ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சின்னவளும் நானும் விடாம ஆடுனோம், அவ அம்மா வந்து லைட்ட அணைச்ச பிறகுதான் எந்திரிச்சோம்.

நீ கேட்டதுக்கு வரேன். உங்க டீம் பண்ற கேம பிசியோட நிறுத்திக்கலாமா கன்சோலுக்கும் கொண்டு போலாமா, அந்த கம்பெனிக்காரங்கள எந்த அளவுக்கு நம்பலாம்னு கேட்டிருந்த. நான் பேங்க்ல உக்காந்து லோன் ஃபைல் பாக்குறவன், கேம் தொழில் உனக்குத்தான் தெரியும். ஆனா இந்த பொட்டி வந்ததுல இருந்து செகா கதைய, பழைய பேட்டி எல்லாம் தேடித்தேடி படிச்சுட்டு இருக்கேன், உன் கேள்விக்கு எனக்கு அதுல இருந்துதான் பதில் சொல்லத் தோணுது.

டவுன்ஹால் ரோட்டு கடைல மணிக்கு பத்து ரூபா குடுத்து செகாவோட பழைய பொட்டி மெகா டிரைவ்ல ஃபிஃபா ஆடுவோமே, ஞாபகம் இருக்கா? அந்த கேசட் மட்டும் மத்த கேசட் மாதிரி இல்லாம உயரமா, சைடுல மஞ்சளா ஒரு பட்டையோட இருக்கும். நாம அத சும்மா டிசைன்னு நெனச்சோம். அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய பேரமே இருந்திருக்கு மாப்ள.

அந்தக் காலத்துல மரியோ கேம் பண்ற நிண்டெண்டோ வச்சதுதான் சட்டம். அவங்க பொட்டிக்கு கேம் பண்ணனும்னா லைசென்ஸ் வாங்கணும், கேசட்ட அவங்கதான் தயாரிப்பாங்க, காசு முன்னாடியே கட்டணும், அமெரிக்கால ஒரு கம்பெனி வருஷத்துக்கு அஞ்சு கேமுக்கு மேல விடக்கூடாது, அந்த கேம ரெண்டு வருஷம் வேற பொட்டிக்கு குடுக்கவும் கூடாது. இத மீறி எவனும் கேம் விட முடியாதபடி உள்ள ஒரு பூட்டு சிப் வேற. செகாவும் மெகா டிரைவுக்கு ஒரு கேசட்டுக்கு எட்டு பத்து டாலர்னு ராயல்டி கேட்டுச்சு. பின்னாடி அந்த ஃபிஃபாவ விட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், அதான் ஈஏ, அத ஆரம்பிச்ச ட்ரிப் ஹாக்கின்ஸுக்கு இது ஒத்துவரல. அவங்க ஆளுங்க மெகா டிரைவ பிரிச்சு மேஞ்சு, செகாவோட எந்த டாக்குமெண்டும் இல்லாமலே அதுக்கு கேம் எழுதுறது எப்படின்னு கண்டுபிடிச்சுட்டாங்க. 1990ல செகா முன்னாடி போய் உக்காந்து, லைசென்ஸ் இல்லாமலும் எங்களால கேம் விட முடியும், நியாயமா ஒரு ரேட்டு போட்டுக் குடுத்தா ஒப்பந்தத்தோட விடுறோம்னு சொன்னாங்க. செகா எறங்கி வந்துச்சு. கேசட்டுக்கு சுமார் 2 டாலர், அதுக்கும் ஒரு உச்சவரம்பு, கேசட்ட தாங்களே தயாரிச்சுக்கலாம்னு முடிவாச்சு. அந்த மஞ்சள் பட்டை அதோட அடையாளம்தான்.

இதுல செகாவுக்கு நஷ்டம்னு நெனைக்காத. அந்த வருஷக் கடைசில ஈஏவோட அமெரிக்கன் ஃபுட்பால் கேம் ஜான் மேடன் ஃபுட்பால் வந்துச்சு, அடுத்து என்எச்எல் ஹாக்கி, 1993ல ஃபிஃபா, அமெரிக்கால ஸ்போர்ட்ஸ் கேம் ஆடணும்னா மெகா டிரைவ்தான், அங்க அதோட பேரு ஜெனிசிஸ், அதத்தான் வாங்கணும்னு பசங்க நம்ப ஆரம்பிச்சாங்க. ஒரு வெளி கம்பெனிக்கு விட்டுக்குடுத்த அந்த ஆறு எட்டு டாலர் பொட்டியா வித்து திரும்பி வந்துச்சு. ஆனா அதே வேலைய அக்கோலேட்னு இன்னொரு கம்பெனி செஞ்சப்ப செகா கோர்ட்டுக்கு இழுத்துச்சு. 1992ல அப்பீல் கோர்ட், பொட்டிக்கு ஒத்துப்போற கேம் எழுதணும்னா வேற வழி இல்லாதப்ப பிரிச்சுப் பாத்தது தப்பில்லன்னு அக்கோலேட் பக்கம் சொல்லிருச்சு. அவங்க ஜெயிச்சாங்க சரி, ஆனா பெரிய கம்பெனியா இருந்தா பேச்சுவார்த்தை, சின்ன கம்பெனியா இருந்தா வக்கீல் நோட்டீஸ்ங்கறது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. உங்க டீம் எத்தனை பேரு, எட்டா? அதான் இத இவ்ளோ விவரமா எழுதுறேன்.

மெகா டிரைவுக்கு அடுத்து வந்த பொட்டி செகா சாட்டர்ன். இங்கதான் மனசு கஷ்டப்படும். அமெரிக்கால 1995 செப்டம்பர் 2 ரிலீஸ்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு, வெளி டெவலப்பருங்க அந்த தேதிய வச்சு ராத்திரி பகலா வேலை பாத்துட்டு இருக்காங்க, மே 11ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ்ல முதல் இ3 கேம் கண்காட்சி மேடைல செகா அமெரிக்காவ அப்ப நடத்துன டாம் கலின்ஸ்கி ஏறி, சாட்டர்ன் ஏற்கனவே கடைக்கு போயிருச்சு, வெல 399 டாலர்னு அறிவிக்கிறாரு. ஜப்பான் தலைமை அலுவலகம் போட்ட உத்தரவு, அவருக்கே இஷ்டமில்ல. நாலு கடைக்காரங்களுக்கு மட்டும் சரக்கு போயிருக்கு, மொத்தமே 30,000 பொட்டி. சரக்கு கிடைக்காத கடைக்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க, கேபி டாய்ஸ் செகா சரக்கே வேணாம்னு ஒதுக்கிட்டாங்க. அதே நாள் சோனி ஆளு ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து அவங்க பிளேஸ்டேஷனோட வெலைய "299"னு ஒத்த நம்பர மட்டும் சொல்லிட்டு எறங்கிட்டாரு. கடைக்காரங்க கோவம் வெளிய தெரிஞ்சுச்சு, எனக்கு அந்த டெவலப்பருங்க நெனப்புதான் வருது. நீ நாலு மாசம் இருக்குன்னு நெனச்சு ஓட்டிக்கிட்டு இருக்கப்ப பொட்டி கடைல உக்காந்துருக்கு, உன் கேம் இல்ல, முதல்ல வாங்குனவன் கைல இருந்த காசு முழுக்க செகாவோட சொந்த கேமுக்குப் போயிருச்சு. அடுத்த தடவ அந்த கம்பெனி ஒரு தேதி சொன்னா நீ நம்புவியா?

பத்தாததுக்கு சாட்டர்ன்ல புரோகிராம் எழுதுறதே பெரும்பாடு. ரெண்டு சிபியு, ரெண்டு வீடியோ சிப், பிளேஸ்டேஷன் முக்கோணத்த வச்சு 3டி வரைஞ்சா இது நாற்கரத்த வச்சு வரையுது. செகாவோட சொந்த ஆளு யு சுசுகியே, அதுல இருந்து முழு வேகத்த எடுக்க நூறு புரோகிராமர்ல ஒருத்தராலதான் முடியும்னு சொல்லிருக்காரு. அந்தப் பக்கம் சோனி சி மொழில லைப்ரரி குடுத்து, சாதாரண பிசில வச்சு கேம் எழுதிப் பாக்குற டெவ் கிட் குடுத்து, சிடில குறைஞ்ச செலவுல அச்சடிச்சுக் குடுத்துச்சு. கூட்டம் எங்க போகும்?

இப்ப என் பொட்டிக்கு வரேன். ட்ரீம்காஸ்ட் செய்றப்ப செகா திருந்திடுச்சு மாப்ள, இத நான் அடிச்சு சொல்வேன். ஒரே எஸ்எச்-4 சிபியு, ஒரே பவர்விஆர் கிராஃபிக்ஸ் சிப், 16 எம்பி மெயின் மெமரி, புரோகிராமருக்கு புரியிற மாதிரி நேரான அமைப்பு. வேணும்னா மைக்ரோசாஃப்ட்டோட விண்டோஸ் சிஇ வச்சும் எழுதலாம். கடைல காசு போட்டு ஆடுற ஆர்கேட் மெஷின்ல ஓடுற நவோமி போர்டும் கிட்டத்தட்ட இதே சரக்குங்கறதால கேப்காம் மாதிரி ஆளுங்க ஆர்கேட் கேம ரொம்ப சுலபமா வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. நாம்கோ சோல் கேலிபர ஆர்கேட்ல இருந்தத விட அழகாக்கி குடுத்துச்சு, நேத்து பாக்குறப்பயும் அந்த தண்ணி, துணி அசையிற அழகுல சின்னவ வாயப் பொளந்து பாத்தா. 1999 செப்டம்பர் 9, அமெரிக்கால 199 டாலர், ரிலீஸ் அன்னிக்கே 18 கேம், முதல் 24 மணி நேரத்துல 2,25,132 பொட்டி வித்துச்சு. அந்த எண்ணிக்கைய படிக்கிறப்ப இது தோக்கப்போற பொட்டின்னு யாரும் நெனச்சிருக்க முடியாது.

ஆனா அந்த 18ல ஒரு ஈஏ கேம் கூட கிடையாது. கடைசி வரைக்கும் மேடன் இல்ல, ஃபிஃபா இல்ல. மெகா டிரைவ தூக்கி நிறுத்துன அதே கம்பெனி!

ஏன்னு கேட்டா ரெண்டு மூணு விதமா சொல்றாங்க. ட்ரீம்காஸ்ட்டுக்கு முதல்ல அமெரிக்கால 3டிஎஃப்எக்ஸ் சிப்ப வச்சு ஒரு டிசைன் ஓடுச்சு, 1997ல அத கைவிட்டு பவர்விஆருக்கு மாறுனது ஈஏ ஆளுங்களுக்குப் பிடிக்கலன்னு ஒரு பேச்சு. பழைய சலுகை ரேட்ட இந்த தடவ செகாவால குடுக்க முடியலன்னு ஈஏ தரப்புல பிங் கார்டன் சொல்லிருக்காரு. அப்ப செகா அமெரிக்காவ நடத்துன பெர்னி ஸ்டோலர் சொல்ற கதை வேற. ஈஏ தலைவர் லாரி ப்ரோப்ஸ்ட் வந்து, உங்க பொட்டில அஞ்சு வருஷத்துக்கு ஸ்போர்ட்ஸ் கேம்னா நாங்க மட்டும்தான்னு கேட்டாராம். ஸ்டோலர் அப்பதான் விஷுவல் கான்செப்ட்ஸ்ங்கற ஸ்போர்ட்ஸ் கேம் டீம ஒரு கோடி டாலர் குடுத்து செகாவுக்காக வாங்கியிருந்தாரு, என் ஆளுங்களோட போட்டி போட்டு வித்துக்கங்க, தனி உரிமையெல்லாம் தர முடியாதுன்னுட்டாரு. அத்தோட பேச்சு முறிஞ்சுது.

நான் இத நெறைய யோசிச்சேன். ஸ்டோலர் சொன்னது சரின்னுதான் எனக்குப் படுது. அந்த விஷுவல் கான்செப்ட்ஸ் பசங்க செஞ்ச அமெரிக்கன் ஃபுட்பால் கேம் என்எஃப்எல் 2கே நெஜமாவே மேடனோட மோதுற தரத்துல இருந்துச்சு, அவங்கள ஓரங்கட்டிட்டு வெளி ஆளுக்கு கதவ பூட்டிக் குடுத்தா அதுவும் துரோகம்தான். அதே நேரம், ஈஏ அவ்ளோ பெரிய காப்பு கேட்டதுக்குப் பின்னாடி சாட்டர்ன்ல பட்ட சூடு இருந்திருக்கும்னு நான் நெனைக்கிறேன். அவசரமா ஒரு பொட்டி, அது போகாதுன்னு தெரிஞ்சதும் நட்டாத்துல விட்டு அடுத்த பொட்டி, இடைல மெகா டிரைவ் மேல சொருகுற 32எக்ஸ்னு ஒட்டு வேற, இத்தனையும் பாத்தவன் இந்த தடவ உத்தரவாதம் என்னன்னு கேக்கத்தான் செய்வான். ஃபைனல் ஃபேன்டசி கேம் பண்ற ஸ்கொயர் கம்பெனியும் கடைசி வரைக்கும் வரல.

அப்பறம் 2000ல பிளேஸ்டேஷன் 2. அதுல புரோகிராம் எழுதுறது ட்ரீம்காஸ்ட்ட விட எவ்ளோவோ கஷ்டம், டெவலப்பருங்க எல்லாரும் புலம்புனாங்க, ஆனா எல்லாரும் போனாங்க. டிவிடி ஓடும், பழைய பிளேஸ்டேஷன் கேம் ஓடும், கோடிக்கணக்குல விக்கும்னு எல்லாருக்கும் தெரியும். 15 கோடிக்கு மேல வித்தும் போச்சு. நல்ல டூல் குடுத்தா மட்டும் போதும்னு நெனச்சுட்டு இருந்த எனக்கு இதுதான் ரொம்ப யோசிக்க வச்ச எடம். ட்ரீம்காஸ்ட்லயோ அதே 2000ல, பாட்டோட படமும் வர்ற மியூசிக் சிடிக்காக வச்ச மில்-சிடி வசதில ஓட்டை கண்டுபிடிச்சு சாதா சிடிலயே திருட்டு கேம் ஓட ஆரம்பிச்சுது, வந்திருந்த வெளி கம்பெனிக்கும் வயித்துல அடி. 2001 ஜனவரி 31 அன்னிக்கு செகா பொட்டி செய்றதையே நிறுத்துறோம்னு அறிவிச்சுது, மார்ச்சோட தயாரிப்பு முடிஞ்சுது. மொத்தம் வித்தது 91 லட்சம் சொச்சம். அப்ப செகா தலைவரா இருந்த இசாவோ ஒகாவா, கம்பெனி மூழ்கிடக்கூடாதுன்னு தன் சொந்த பங்குகள்ல சுமார் 69.5 கோடி டாலர் மதிப்புக்கு செகாவுக்கே எழுதிக் குடுத்துட்டு மார்ச் 16 அன்னிக்கு செத்துப் போயிட்டாரு. இத படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல மாப்ள.

அதுக்கப்பறம் செகாவே அடுத்தவன் பொட்டிக்கு கேம் பண்ற தேர்ட் பார்ட்டி ஆயிருச்சு. அதே 2001 டிசம்பர்ல செகாவோட செல்லப்பிள்ளை சானிக் நிண்டெண்டோவோட கேம்க்யூப்ல வந்து ஓடுது. மரியோவும் சானிக்கும் ஆகாதுன்னு நாம கடை வாசல்ல நின்னு சண்ட போட்டத நெனச்சுப் பாரு.

விஷுவல் கான்செப்ட்ஸ் கதை இன்னும் கொஞ்சம் இருக்கு. 2004ல அவங்க ஃபுட்பால் கேம 19.99 டாலருக்கு விட்டு மேடன வெல கொறைக்க வச்சாங்க. அந்த டிசம்பர்லயே ஈஏ நேரா அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்எஃப்எல் கிட்ட போய் தனி உரிமைய வாங்கிருச்சு, அன்னிக்கு ஸ்டோலர் குடுக்காதத வேற கதவு வழியா எடுத்துக்கிச்சு. 2005 ஜனவரில செகா அந்த டீம டேக்-டூங்கற கேம் கம்பெனிக்கு வித்துருச்சு. உன் பெரியவன் இப்ப ராப்பகலா ஆடுறான்னு எழுதியிருந்தியே என்பிஏ 2கே, அதான் அந்த டீம். அந்த 2கேங்கற பேரு என் மேசைல இருக்க இந்த வெள்ளை பொட்டில பொறந்தது, அவன்ட்ட சொல்லு.

உனக்கு நான் சொல்றது இவ்ளோதான். கம்பெனிக்காரன் இப்ப என்ன சொல்றான்னு பாக்காத, அவனோட போன பொட்டிக்கு கேம் பண்ணவங்கள கடைசி வருஷத்துல எப்படி நடத்துனான்னு விசாரி. ஏற்கனவே அங்க கேம் விட்ட சின்ன டீம் ரெண்டு பேர்ட்ட பேசு, காசு சரியா வந்துச்சா, அப்டேட் போட எத்தனை நாள் காக்க வச்சாங்கன்னு கேளு. டெவ் கிட் வாடகையா சொந்தமா, திருப்பிக் கேட்டா என்ன பண்றதுன்னும் கேட்டுக்க. தேதி குடுத்தா எழுத்துல வாங்கு. பிசி வெர்ஷன மட்டும் நிறுத்திராத, அது உங்க கைல இருக்கட்டும். எட்டு பேரு மூணு வருஷமா உழைச்சது, நல்லபடியா வெளிய வரணும் மாப்ள, நான் தெனமும் நெனச்சுக்கிறேன்.

பொங்கலுக்கு மதுரை வர்றல்ல? பெரியவனையும் கூட்டிட்டு வா. கன்ட்ரோலர் ரெண்டு இருக்கு, ஒண்ணுல ட்ரிக்கர் கொஞ்சம் எறுகியிருக்கு, அத நான் வச்சுக்கிறேன். பெங்களூர் எஸ்பி ரோடு பக்கம் போனா அந்த மெமரி கார்டுக்கு பட்டன் பேட்டரி சிஆர்2032 நாலு வாங்கிட்டு வா, ஒரு கார்டுக்கு ரெண்டு வேணும். அப்படியே உங்க வீட்டு பரண்ல அந்த மஞ்சள் பட்டை கேசட் ஒண்ணு கெடக்குதான்னு உங்க அப்பாட்ட கேளு, கடைய மூடுறப்ப அண்ணன் உனக்கு ஒண்ணு குடுத்ததா எனக்கு ஞாபகம்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி