பாண் மாமாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே,

மழையில் நனைந்து மூடிக் கிடந்த நம் தோட்டத்து நூலகத்தின் கதவை நேற்றுத் திறந்துவிட்டோம். சுவரில் இன்னும் ஈரம் காயவில்லை. கீழ்த்தட்டுகள் காலியாகக் கிடக்கின்றன. ஆனாலும் பிள்ளைகள் வந்து பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். இனியும் இந்தக் கடிதத்தைத் தள்ளிப்போட எனக்குச் சாக்கு கிடையாது.

அந்த மழை நாட்களைப் பற்றி எழுதப் போவதில்லை. இங்கே மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் இருந்தவர்களுக்கு அது மனப்பாடம். வெளியூரில் இருந்தவர்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைவிட அதிகமாகத் தவித்தீர்கள். நன்றி சொல்லவே வந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி பாண் மாமாவுக்கு. அவர் இதை வாசிக்கப் போவதில்லை. நம்மைப்போலவே தமிழ் பேசுவார், சிங்களத்தில் கணக்கெழுதுவார், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள். நான் படித்தால் பாதியில் அழுதுவிடுவேன், அவர் அதைப் பார்த்துவிட்டுப் பாண் விற்கப் போய்விடுவார்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். இலங்கையில் ஊருக்கு ஊர் பேக்கரி ஓட்டோ வரும். பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாண் (பிரெட்), பணிஸ் (பன்), சீனிச்சம்பல் வைத்த பணிஸ், முதலை வடிவக் கிம்புலா பணிஸ். கூரையில் ஒலிபெருக்கி. அதிலிருந்து ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். பேதோவன் பியானோவுக்கு எழுதியது அது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பாண்காரர் பாட்டு என்றுதான் சொல்வார்கள். 'சூன் பாண்', அதாவது மெட்டுப் பாண், என்று நாடு முழுக்கப் பெயர் பெற்ற வண்டி அதுதான்.

சரி, நூலகம் மூடிக் கிடந்த நாட்களில் நாங்கள் வாட்ஸ்அப்பில் கதை சொல்ல ஆரம்பித்தோம். முழுக் கதை சொல்வதில்லை. பாதியில் நிறுத்துவோம். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கூரையில் ஏறிய சேவல் ஒன்று இறங்க வழி தெரியாமல் நிற்கிறது, இனி என்ன நடக்கும்? பிள்ளைகள் குரலில் பதில் அனுப்ப வேண்டும். பதில்களைக் கேட்டு மறுநாள் கதையை வளர்ப்போம். காணொளிக்கு ஆகிற டேட்டாவில் கொஞ்சம்கூடக் குரல் பதிவுக்கு ஆகாது. அதோடு, பயந்து போயிருக்கிற பிள்ளையிடம் "நீ எப்படி இருக்கிறாய்" என்று கேட்டால் வாய் திறக்காது. சேவலைப் பற்றிக் கேட்டால் பேசும்.

கீழே உள்ள பணிய லயங்களில் இருந்து பதில்கள் வந்தன. தோட்டத்தின் மேல் பகுதியான மேமலை டிவிசனில் இருந்து ஒன்றுமே இல்லை. அங்கே சிக்னல் போயிருந்தது. எனக்கு அதிகம் கவலை கொடுத்ததும் அந்த மேமலைப் பிள்ளைகள்தான்.

டவுனில் பேக்கரி வாசலில் நின்று இன்னொரு டீச்சரிடம் இதைப் புலம்பிக்கொண்டிருந்தேன். ஓட்டோவில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பினார்.

"டீச்சர், அந்தக் கதைய என்ட போன்ல போட்டு விடுங்க. நான் மேலதானே போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தோம். கதை அவர் போனில் இறங்கியது. மேலே போய், பாட்டை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியில் சேவல் கதையைப் போட்டிருக்கிறார்.

அப்புறம் நடந்ததை நாங்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை. கதை முடிந்ததும் பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று பதில் சொல்லியிருக்கிறார்கள். அவர் போனைப் பிள்ளைகளிடமே கொடுத்து, பேசச் சொல்லிப் பதிந்திருக்கிறார். சிக்னல் இல்லாத இடத்தில் வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் தெரியும், தொடர்பு கிடைத்த உடனே அது தானாகக் கிளம்பிவிடும். பாதைக்கு இறங்கி, கோயில் வளைவில் ஓட்டோ திரும்பியதும் அத்தனை குரலும் ஒன்றாகப் புறப்பட்டன. எங்கள் எல்லோருடைய போனும் ஒரே நேரத்தில் அலற ஆரம்பித்தது. நான் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். ரொட்டி கருகிவிட்டது.

அந்தப் பதிவுகளை எத்தனை முறை கேட்டிருப்பேன்! சேவலைக் காப்பாற்ற ஏணி கொண்டுவரச் சொன்ன பிள்ளை, ஹெலிகொப்டர் வேண்டாம் சேவல் பயந்துவிடும் என்ற பிள்ளை, பாண் மாமாவின் ஓட்டோ கூரையில் குதிக்கச் சொல்லலாம் என்ற பிள்ளை. நடுநடுவே "மாமா, கிம்புலா பணிஸ் இருக்கா?", "கைய கண்ணாடியில வெக்காத", மிச்சச் சில்லறை விழுகிற சத்தம். இத்தனை வருடம் நூலகத்தில் நான் கேட்ட எதையும்விட அது எனக்கு நூலகமாகத் தெரிந்தது.

அவருக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஒரு வேலை செய்தோம். எந்தப் பதிவு எந்த டிவிசனுக்கு என்று எழுதுவதை விட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் வைத்தோம்: மேமலைக்கு மழைமேகம், பணியத்துக்குக் கொழுந்துக் கூடை. கதை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்ற வாக்கெடுப்பிலும் எழுத்தை எடுத்துவிட்டுச் சேவல், ஏணி, பாண் என்று படங்களையே வைத்தோம். அவர் படத்தைக் காட்டுவார், பிள்ளைகள் கை தூக்குவார்கள், எண்ணிக்கையை அவரே குரலில் சொல்லி அனுப்புவார். "ஏணி ஒன்பது, பாண் இருபது. பாண்தான் வின், டீச்சர்." ஒருதலைப்பட்சமான தேர்தல் என்று நான் புகார் செய்ததுண்டு.

இது அவருக்காகச் செய்தது. ஆனால் எழுத்து போனதும் வேறு ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மலையில் கொழுந்து பறித்து ஓய்ந்த அம்மாயிமார், எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காகவே நூலகப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், பாண் வாங்க வந்த இடத்தில் நின்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் பிள்ளைகளின் குரலுக்கு நடுவே ஒரு கிழவியின் குரல்: "டீச்சரம்மா, கதை போதும், நான் ஒரு விடுகதை போடுறேன். ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைஞ்சுதாம் மண்டபம். அது என்ன?"

தேன்கூடு என்று பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் "தொழிற்சங்கம்" என்றான். அதற்கும் நான் புள்ளி கொடுத்தேன்.

அன்றிலிருந்து கதை ஒரு நாள், விடுகதை ஒரு நாள் என்று ஆகிவிட்டது. போடுகிறவர்கள் அம்மாயிமார், விடை சொல்கிறவர்கள் பிள்ளைகள், நடுவில் பாண் மாமா. எங்களுக்கு வேலையே குறைந்துவிட்டது.

இந்த இடத்தில் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் இருக்கிறோம் என்று சொல்லும் நூலகங்களில் பல, திறக்கும் நேரத்தையும் விடுமுறை அறிவித்தலையும் முகநூலில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கின்றன. அது வாசலில் ஒட்டுகிற அறிவித்தல்தான், போனில் ஒட்டியிருக்கிறது, அவ்வளவே. வாசகரிடம் ஏதாவது கேட்டால்தான் அவர் பேசுவார். கேட்பதற்குக் கருவிகள் ஏராளம். கஹூட்டில் வினாவிடை நடத்தலாம், டவுன் பாடசாலைகளில் அது அமர்க்களமாகப் போகும். ஆனால் அதை நேரடியாக நடத்த எல்லோரும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருக்க வேண்டும், அதற்கு எங்கள் மலை ஒத்துவராது. பாட்லெட்டில் ஒரு சுவர் மாதிரித் திறந்து வைத்தால், இணைப்பு உள்ளவர்கள் வந்து படமும் எழுத்தும் ஒட்டிவிட்டுப் போகலாம். கணக்குத் திறக்கக்கூட வேண்டாம். கூகுள் படிவம் கணக்கெடுக்க நல்லது. எந்த நூல் யாருக்கு வேண்டும் என்று நாங்கள் அதில்தான் கேட்டோம். அவரவர் இடத்துக்கு எது சரிவரும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எங்களுக்குச் சரிவந்தது, அனுப்பி வைத்துவிட்டுக் காத்திருக்கக்கூடிய ஒன்று. 2020, 2021 கொரோனா நாட்களில் சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளை மறந்துவிட்டு யாரும் இங்கே இணைய வகுப்பு, இணைய நூலகம் என்று பேசக் கூடாது.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மழைக்கு முந்திய கதை ஒன்றும் உண்டு. நமது வரைபட வேலை. 1960களின் கடைசியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது உங்களுக்குத் தெரியும். தண்ணீர் வற்றுகிற காலத்தில் பழைய கோயிலும் மற்ற வழிபாட்டு இடங்களும் வெளியே தெரியும், நாமெல்லாம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவோம். கடைத்தெரு எங்கே இருந்தது, யார் கடை எது என்று முதியவர்கள் சொல்லச் சொல்ல, உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இணைய வரைபடத்தில் புள்ளி வைத்தார்கள். இணைப்பை எல்லோருக்கும் அனுப்பி, உங்களுக்குத் தெரிந்ததைச் சேருங்கள் என்றோம். நீலகிரியில் கூடலூரில் இருந்து ஒரு ஐயா பதில் போட்டார். மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பல் ஏறிய குடும்பம், தமிழ்நாட்டு அரசு திரும்பியோருக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வைத்த புள்ளி ஒன்றைத் தள்ளி வைக்கச் சொன்னார். தையல் கடை கோயிலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இல்லையாம். இங்கே இருக்கிற ஒரு தாத்தா அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம்.

மழை விட்டதும் நூலகம் எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டு எழுதியவர்கள் அந்த வரைபடத்தில் புள்ளி வைத்தவர்கள்தான். கூடலூர் ஐயாவுக்கும், தையல் கடையை விட்டுக்கொடுக்காத தாத்தாவுக்கும் சேர்த்து நன்றி.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நனைந்த பதிவேடுகளையும் கையெழுத்துப் பிரதிகளையும் பூஞ்சணம் பிடிக்காமல் உறைய வைக்கத் தனது ஐஸ்கிறீம் பெட்டியைக் காலி செய்து கொடுத்த கடைக்கார நானா. தாள்களுக்கு நடுவே வெள்ளைத் தாள் வைத்துக் காயப்போட்ட சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள். மின்சாரம் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரில் எல்லோருடைய போனுக்கும் சார்ஜ் போட்டுக் காசு வாங்காத கொமியுனிகேஷன் கடைத் தம்பி. கொழும்பில் கடைகளில் வேலை செய்துகொண்டு, சம்பளம் வந்த அன்றே எங்கள் போன்களுக்கு ரீலோட் காசு அனுப்பிய நம் பையன்கள். டவுன் நூலகத்தில் இருந்து சொந்தப் பொறுப்பில் நூல் கட்டு ஒன்றை அனுப்பிவைத்த நூலகர் அக்கா. கனடாவில் இருந்து இரவு விழித்துப் படிவங்களைத் தொகுத்த தங்கச்சி. ஈழத்து நூல்களை 2005இல் இருந்து இலவசமாக இணையத்தில் வாசிக்க வைத்திருக்கும் நூலகம் திட்டத்தாருக்கும் நன்றி. எங்களிடம் கரைந்துபோன சில மலையக நூல்கள் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்று தேடிக் கண்டுபிடித்த இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பிள்ளைகளின் பதிவுகளை முகநூலில் போடுங்கள், நிறையப் பேர் பார்ப்பார்கள், உதவி வரும் என்று அன்போடு சொன்னவர்கள் இருக்கிறீர்கள். போடவில்லை, போடவும் மாட்டோம். அந்தக் குரல்கள் சேவலுக்காகப் பேசியவை. நிதி திரட்டுவதற்கு நாங்கள் பேசிக்கொள்கிறோம். பெற்றோர் சம்மதம் தந்த விடுகதைகளை மட்டும், அம்மாயிமாரின் பெயரோடு, நூலகத்தில் கேட்க வைப்போம்.

இனி என்ன செய்வோம் என்பதையும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு நீங்கள் கேட்கலாம். கதவு திறந்தாயிற்று என்பதற்காக வாட்ஸ்அப் கதை நிற்காது. செவ்வாய் கதை, வெள்ளி விடுகதை. வாக்கெடுப்புகள் படத்திலேயே இருக்கும். அடுத்து எந்த நூல்களை வாங்குவது என்பதை நூலகக் குழு முடிவு செய்யாது, அட்டைப் படங்களைப் போட்டுப் பிள்ளைகளிடமே கேட்போம். மேமலைக்கு வாரம் ஒரு முறை ஒரு பெட்டி நூல் போகும். பாண் தட்டுக்கு மேலே இடம் இருக்கிறது என்று பாண் மாமாவே அளந்து காட்டிவிட்டார். பெட்டியில் மாவு படாமல் உறை போடுவது எங்கள் பொறுப்பு, கண்ணாடியில் கை வைக்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதும் எங்கள் பொறுப்பு. இந்த இரண்டையும்தான் அவர் நிபந்தனையாகப் போட்டார்.

அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டேன். தரவில்லை. டேட்டாக் காசையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது: "பாண் வாங்கச் சொல்லுங்க, டீச்சர்."

ஆகவே ஊரில் இருப்பவர்கள் வாங்குங்கள். வெளியூரில் இருப்பவர்கள் இங்கே உள்ள உங்கள் வீட்டுக்குச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். கிம்புலா பணிஸ் வேண்டுமென்றால் வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும், மேமலைக்கு வருவதற்குள் முடிந்துவிடுகிறது.

நன்றியுடன்,
நூலகத்தில் பாய் விரிக்கும் எல்லோர் சார்பிலும்