சாதத்தை அளந்து பார்த்த கதை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய விவரமெல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டேன். ஆனால் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை 210 என்று எழுதியிருந்தாயே, மனசு அங்கேயே நின்றுவிட்டது. டாக்டர் "அரிசியைக் குறைங்க" என்று சொன்ன கையோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார் என்றாய். எனக்கும் பத்து வருஷம் அதே கதைதான். குறைப்பது என்றால் எவ்வளவு என்று அவர்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

65 முடிந்து மெடிகேரில், அதாவது இங்கே அமெரிக்காவில் வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில், சேர்ந்த பிறகுதான் இதற்கு ஒரு வழி இருப்பது தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்கும், டயாலிசிஸ் வரை போகாத சிறுநீரக நோயாளிகளுக்கும் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லித் தரும் டயட்டீஷியனின் செலவை 2002 ஜனவரியிலிருந்து மெடிகேரே கொடுக்கிறது. முதல் வருஷம் மூன்று மணி நேரம், அப்புறம் வருஷத்துக்கு இரண்டு. டாக்டர் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். என் கையிலிருந்து ஒரு டாலர்கூடப் போகவில்லை.

நான் பார்த்த டயட்டீஷியன் அம்மா, வரும்போது வீட்டில் சாப்பிடும் தட்டையும் ஒருவேளைச் சாதத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். எவர்சில்வர் தட்டோடு போனேன். வழக்கம்போலப் போட்டுக் காட்டச் சொல்லி, அதை அளவுக் கப்பால் அள்ளி அள்ளி எண்ணினார். மூன்று கப்! ஒரு கப் சாதத்தில் சுமார் 45 கிராம் மாவுச்சத்தாம். மோருக்கு மறுபடி வாங்கும் சோறு இந்தக் கணக்கிலேயே இல்லை. ஆனால் சோற்றை விடு என்று அவர் சொல்லவில்லை. ஒரு கப் போதும், மீதி இடத்துக்கு அவரைக்காய்ப் பொரியல், கீரை, ஒரு முட்டை. ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கலாம் என்றார். எட்டு மாதத்தில் என் ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 8.9லிருந்து 7.1க்கு இறங்கியது. மாத்திரை அதேதான், மாற்றவில்லை.

என் வீட்டுக்காரிக்குப் பிரஷர் மட்டும்தான், சர்க்கரை கிடையாது. அதனால் அவளுக்கு இந்தச் சலுகையும் கிடையாது! ஊறுகாயிலும் அப்பளத்திலும் எவ்வளவு உப்பு போகிறது என்று உட்கார்ந்து சொல்ல ஆள் தேவைப்படுவது அவளுக்குத்தான். இதை விரிவாக்கச் சொல்லும் மசோதா இங்கே சில தடவை வந்தும் நிறைவேறவில்லை. எனக்குக் கோபமே வருகிறது.

நம் ஊரை நினைத்தாலும் அதே ஆதங்கம்தான். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, அது பெரிய காரியம். ஆனால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் அது கைக்கு உதவும். சிறுநீரகம் கெட்ட பிறகு டயாலிசிஸுக்குப் பணம் தருகிறவர்கள், கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருகிறவருக்கும் தர வேண்டாமா? 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறதே, அதே வாசலுக்கு ஒரு டயட்டீஷியனும் மாதம் ஒரு தடவை வந்தால் எத்தனை பேர் கால் பிழைக்கும்!

சரி, அதுவரைக்கும் நீ சும்மா இருக்காதே. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் டயட்டீஷியனைப் பார்க்க முடியுமா என்று கேள். போகும்போது உன் தட்டை எடுத்துக்கொண்டு போ. எத்தனை கப் என்று எனக்கு எழுது. ஆடிக் கொடைக்கு வரும்போது உன் ரிப்போர்ட்டை நானே பார்க்கிறேன்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
கணேசன்