நெல்லை வட்டாரத்துல வெப்சைட் வச்சு தொழில் பண்ணுத அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கும், அவியளுக்கு வெப்சைட் செஞ்சு குடுக்குத தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

நான் பாளையங்கோட்டையில நெட் சென்டர் வச்சிருக்கேன். முன்ன பிரவுசிங்னு போர்டு போட்டிருந்தோம், இப்ப ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், பஸ் டிக்கெட்னு ஆயிருச்சு. ஜனங்க என்னத்த தேடுதாவன்னு கண்ணால பாக்குத எடத்துல ஒக்காந்திருக்கவன்ங்கிற முறையில இத எழுதுதேன். ஆஸ்பத்திரி, ஸ்கேன் சென்டர், கல்யாண தகவல் மையம், கோச்சிங் சென்டர், நகைக்கடன் குடுக்குத எடம்னு நம்மூர் வெப்சைட்டு நெறைய தெறந்து பாத்துட்டேன், பாதிக்கு மேல விளம்பர கம்பெனிக்காரனோட டிராக்கிங் கோடு, அதாவது வந்தவங்க என்னத்த பாத்தாவன்னு அவனுக்கு சொல்லிவிடுத புரோகிராம், உள்ள ஓடிக்கிட்டு இருக்கு. அத எடுங்கன்னு கேக்கத்தான் இந்த மடல். நோய் நொடி, கடன், கல்யாணம், புள்ளைங்க சம்பந்தப்பட்ட பக்கத்துல இருந்தாவது மொதல்ல எடுங்க.

சந்தேகம் இருந்தா இப்பவே பாருங்க. கம்ப்யூட்டர்ல குரோம்ல ஒங்க வெப்சைட்ட தெறந்து எஃப் 12 அமுக்குங்க, நெட்வொர்க்னு ஒரு டேப் வரும், அத வச்சுக்கிட்டு பக்கத்த மறுபடி லோடு பண்ணுங்க. வரிவரியா ஓடும். பேஸ்புக் டாட் காம்னு போட்டு, ஒரு சாய்கோடு, அதுக்கு அடுத்து டிஆர்னு ரெண்டு எழுத்து இருக்குத வரி (facebook.com/tr) கண்ணுல பட்டா அதான் மெட்டா பிக்சல், பேஸ்புக் கம்பெனியோட டிராக்கிங் கோடு. அந்த வரிய கிளிக் பண்ணி உள்ள பாருங்க, வந்த ஆளு எந்தப் பக்கத்த தெறந்தாருங்கிற அட்ரஸ் முழுசா இருக்கும். நீங்க அந்த அட்ரஸ்லயே குழந்தையின்மை, டயாலிசிஸ், குடிப்பழக்க சிகிச்சைன்னு இங்கிலீஷ்ல தெளிவா எழுதி வச்சிருக்கிய, கூகுள்ல மேல வரணும்னு. அது அப்படியே போவுது. எந்த பட்டன அமுக்குனாருங்கிறதும் போவுது. அந்த போன்ல பேஸ்புக்கோ இன்ஸ்டாகிராமோ லாகின் ஆகி இருந்துச்சுன்னா இது யாருன்னு அவன் பொருத்திப் பாக்க பெரிய பாடெல்லாம் கெடையாது. ஒங்க ஆஸ்பத்திரி வரவேற்புல ஒரு வெளியாள் நோட்டு வச்சு ஒக்காந்து, யாரு எந்த டாக்டர் ரூமுக்குள்ள போறாவன்னு எழுதுனா விடுவியளா அண்ணாச்சி? கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிருவிய.

முக்கூடல் பக்கம் ஒரு அக்கா, பீடி சுத்துத வேல. வீட்டுக்கு ஒத்த போன்தான், பகல்ல மாமியார் கையில, ராத்திரி வீட்டுக்காரர் கையில. நடுவுல கெடச்ச நேரத்துல அந்த அக்கா ஒரு ஆஸ்பத்திரி வெப்சைட்டுல குழந்தையின்மை பக்கத்த தெறந்து எம்புட்டு செலவாகும்னு பாத்திருக்கா. எந்த ஆஸ்பத்திரின்னு நான் சொல்ல மாட்டேன், அது இங்க முக்கியமும் இல்ல. ரெண்டொரு நாள்ல மாமியார் பேஸ்புக்ல வீடியோ பாத்துக்கிட்டு இருக்கும்போது அதே ஆஸ்பத்திரி விளம்பரம் திரும்பத் திரும்ப வந்திருக்கு. வீட்டுல பேச்சு வந்துருச்சு. ஏதோ அப்ளிகேஷன் போட எங்க கடைக்கு வந்தவ, கூட்டம் கொறையுற வரைக்கும் நின்னுக்கிட்டு மெதுவா கேட்டா, "நான் ஹிஸ்டரிய அழிச்சிட்டேம்லா தம்பி, யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லலியே, பொறவு எப்படி வந்துச்சு?" அவ போன்ல அழிச்சது அவ போன்ல இருந்த பட்டியல, அவ்வளவுதான். விளம்பர கம்பெனிகிட்ட போன பட்டியல் அதுல அழியாது, அப்படி ஒண்ணு இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. அவ நம்பி வந்தது ஒங்க போர்ட பாத்து. பேஸ்புக்க நம்பி வரல.

எங்கள மாதிரி நெட் சென்டர்காரனுக்கு 2011-ல மத்திய அரசு தனியா ஒரு விதிமுறை போட்டுச்சு. அடையாள அட்டை பாக்கணும், ரிஜிஸ்டர்ல பேரும் நேரமும் எழுதணும், எந்தெந்த வெப்சைட் தெறந்தாவங்கிற பதிவ கொறஞ்சது ஒரு வருசம் வச்சிருக்கணும், தடுப்புப் பலகை கூட நாலரை அடிக்கு மேல ஒசரம் இருக்கக்கூடாது. அந்த விதிமுறை மேல எனக்கு ஆயிரம் வருத்தம் உண்டு, அது தனிக்கதை. ஆனா வாறவங்களுக்கு அது தெரியும். ரிஜிஸ்டர்ல எழுதும்போதே தெரியும். எழுதி வாங்குதவன் மொகமும் தெரியும், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கடைக்கு வந்து சட்டையப் பிடிக்கலாம். ஒங்க வெப்சைட்டுல அந்த அக்கா யாரு சட்டையப் பிடிப்பா?

இது நம்மூர்ல மட்டும் நடக்குத கூத்துன்னும் நெனைக்காதிய. 2022-ல அமெரிக்காவுல தி மார்க்கப்னு ஒரு பத்திரிகை, 100 பெரிய ஆஸ்பத்திரி வெப்சைட்ட சோதிச்சுப் பாத்துச்சு, 33-ல அப்பாயின்ட்மென்ட் பட்டன அமுக்குனா பேஸ்புக்குக்கு தகவல் போயிருக்கு. 2024-ல கைசர்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரி நிறுவனம், எங்க வெப்சைட்டுலயும் ஆப்லயும் இருந்த டிராக்கிங் கோடு வழியா ஒங்க தகவல் வெளிய போயிருக்கலாம்னு 1 கோடியே 34 லட்சம் பேருக்கு சொல்ல வேண்டி வந்துச்சு. அதே வருசந்தான் அவாஸ்ட்னு நம்ம எல்லாரும் கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருந்த ஆன்டிவைரஸ் கம்பெனி மாட்டுனது. ஒங்கள யாரும் டிராக் பண்ணாம பாத்துக்கிடுதோம்னு சொல்லி ஆள சேத்து, அவங்க பிரவுசிங் விவரத்தயே வித்திருக்கான், 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லிட்டாவ. குரோம்ல ஹிஸ்டரி நிக்காம பாக்குத இன்காக்னிட்டோவுல பாத்தா யாருக்கும் தெரியாதுன்னு எங்க கடைக்கு வாற காலேஜ் பசங்க சொல்லுவானுவ. அது ஒன் கம்ப்யூட்டர்ல ஹிஸ்டரி நிக்காது, அம்புட்டுதாம்ல. அத வச்சு கூகுள் மேல 2020-ல கேஸ் போட்டு, 2024-ல சேத்து வச்சிருந்த கோடிக்கணக்கான பதிவ அழிக்கிறோம்னு கூகுளே ஒத்துக்கிட்டுச்சு.

"விளம்பரம் போடலன்னா யாவாரம் எப்படி நடக்கும்"னு கேப்பிய. போடுங்க, யாரு வேண்டாம்னா? திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடின்னு ஊரு வச்சு போடலாம், வயசு வச்சு போடலாம், அதுக்கு ஒங்க வெப்சைட்டுக்குள்ள பிக்சல் இருக்கணும்னு அவசியம் இல்ல. எம்புட்டு பேரு வந்தாங்கன்னு கணக்கு வேணும்னா ஒங்க சர்வர்லயே ஓடுத கருவி இருக்கு, மாட்டோமோ (Matomo)ங்கிற பேருல ஒண்ணு மாதிரி, கணக்கு ஒங்ககிட்டயே நிக்கும். நான் கேட்டுப் பாத்ததுல முக்காவாசி அண்ணாச்சிமாருக்கு பிக்சல்னா என்னன்னே தெரியல, "டிசைன் பண்ணுன பையன் போட்டிருப்பான்"ங்காவ. அந்தப் பையன்ட்ட கேட்டா "எல்லா சைட்டுக்கும் டேக் மேனேஜர்ல சேத்துருவோம்ணே, வழக்கமா போடுததுதான்"ங்கான். டேக் மேனேஜர்னா இந்த மாதிரி கோட வெப்சைட்டுக்குள்ள சேக்குத கருவி. எதுக்குன்னு ரெண்டு பேருக்கும் தெரியாம ஒரு கோடு ஓடுது, அதுல ஊர்க்காரி மானம் போவுது. இத நெனச்சாதான் எனக்கு வயிறு எரியுது.

தம்பி தங்கச்சிமாரே, ஒங்ககிட்டயும் சொல்லுதேன், டெம்பிளேட்டுல இருந்துச்சுன்னு சொல்லாதிய. கல்யாண தகவல் மையத்துக்கு சைட் செய்யும்போது சாதி, வயசு, மறுமணம்னு தேடுத ஒவ்வொண்ணும் அட்ரஸ்ல ஏறுது, அது எங்க போவுதுன்னு கட்டுத ஒங்களுக்குத்தான் தெரியும். கஸ்டமருக்கு அத எடுத்துச் சொல்ல வேண்டிய ஆளும் நீங்கதான்.

சட்டமும் வந்துக்கிட்டு இருக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்ல ஒம்போது நீதிபதி சேந்து தீர்ப்பு சொன்னாவ. 2023-ல தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, 2025 நவம்பர்ல விதிமுறையும் வந்தாச்சு, முக்கியமான பிரிவு அமலுக்கு வர 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காவ. 18 வயசு ஆகாத புள்ளைங்கள குறி வச்சு விளம்பரம் போடுததுக்கு அதுல தடை இருக்கு, மீறுனா 200 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம். நீட் கோச்சிங், டியூஷன் சென்டர் வச்சிருக்கவிய இத ரெண்டு தடவ வாசிங்க. ஆனா அபராதம் வந்தாத்தான் எடுப்போம்னு நிக்காதிய. அந்த அக்கா மாதிரி ஆளுக்கு அது வரைக்கும் அவகாசம் இல்ல.

டிராக்கிங் கோட எடுத்த பொறவு, என்ன தகவல் வாங்குதோம், யாருக்கு குடுக்குதோம்னு தமிழ்ல, படிக்க முடியுத எழுத்துல ஒங்க வெப்சைட்டுல போடுங்க. "சரி"ங்கிற பட்டன் எம்புட்டு பெருசோ "வேண்டாம்"ங்கிற பட்டனும் அம்புட்டு பெருசா இருக்கட்டும்.

எப்படி எடுக்கணும்னு தெரியலன்னா கூப்பிடுங்க, லேப்டாப்ப தூக்கிட்டு நானே வாறேன், காசு ஒண்ணும் வேண்டாம். வெப்சைட் பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்குன்னு மட்டும் முன்னாடியே விசாரிச்சு வைங்க, பாதி எடத்துல அதுலதான் வேல நிக்குது. மொதல்ல அப்பாயின்ட்மென்ட் பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம்.