கடலில் விற்ற கடிகாரத்துக்குக் கரையில் ஒரு முகவரி வேண்டும்

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலின் நிர்வாகத்தினருக்கும், அக்கப்பலுக்குள் கடை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தாருக்கும் மதுரையிலிருந்து எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். தங்கள் கப்பல் கடையில் என் தந்தைக்கு வாங்கிய கைக்கடிகாரம், ஊர் திரும்பிய சில வாரங்களிலேயே நின்றுபோனது. அது பற்றிக் கடந்த இரண்டு மாதங்களில் நான் அனுப்பிய மூன்று மின்னஞ்சல்களும், தாங்கள் அனுப்பிய இரண்டு பதில்களும் தங்கள் கோப்பில் இருக்கும் என்பதால், அவற்றை மறுபடியும் முழுதாக எழுதித் தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. கடை எங்களுடையதன்று, அதை நடத்துவது வேறொரு நிறுவனம் என்று கப்பல் நிர்வாகம் எழுதியது. பயணிகளின் புகார்களைக் கப்பலின் விருந்தினர் சேவைப் பிரிவுதான் கவனிக்கும் என்று கடை நிறுவனம் எழுதியது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டும் இந்த இரண்டு கடிதங்களையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவது என்று தெரியாததால்தான், இருவருக்கும் சேர்த்து, எல்லோரும் படிக்கும்படியாக இதை எழுதுகிறேன்.

என் வேண்டுகோள் சிறியது. கப்பல் கடையில் விற்கும் ஒவ்வொரு கைக்கடிகாரத்திலும் விலையையும், அந்த விலை எந்த நாட்டு நாணயத்தில் என்பதையும் எழுதி ஒட்டுங்கள். விற்றவர் யார், பழுதானால் கரையில் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை ரசீதில் அச்சிட்டுத் தாருங்கள்.

உல்லாசப் பயணம் போனவர்களுக்கு ஐந்தாயிரம் ரூபாய்க் கடிகாரம் ஒரு பொருட்டா என்று தங்கள் அலுவலகத்தில் யாரேனும் நினைக்கக்கூடும். அந்தப் பயணத்தை நாங்கள் எப்படிப் போனோம் என்பதைச் சொன்னால் அப்படி நினைக்க மாட்டார்கள். பெற்றோரின் ஐம்பதாவது மணநாளுக்காக நானும் என் இரண்டு தம்பிகளும் மூன்று ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் என் தந்தை நடத்துநராகச் சேர்ந்து, பெரியார் பேருந்து நிலையத்திலும் பின்னர் ஆரப்பாளையத்திலும் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். 1979இல் முதல் சம்பளத்தில் வாங்கிய எச்.எம்.டி. ஜனதா கடிகாரத்தைத்தான் இந்தப் பயணம்வரை கட்டியிருந்தார். அந்த நிறுவனம் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கி, 2016இல் மத்திய அரசின் முடிவால் அந்தத் தொழிலையே மூடிவிட்டது என்பதால், அதற்கு உதிரிப் பாகம் கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகிறது. மதுரையிலிருந்து சிங்கப்பூர் போய் இறங்கிய அன்றே அது நின்றுவிட்டது. சாவி கொடுத்தால் ஒரு மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும்.

வெறுங்கையோடு இருக்க அவருக்குப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். ஆனால் கடிகாரம் வாங்க வேண்டிய கட்டாயத்தைத் தங்கள் கப்பலே உண்டாக்கியது. ஒவ்வோர் இரவும் அறைக்கு வரும் மறுநாள் நிகழ்ச்சித் தாளில், துறைமுகத்தில் இறங்கிச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கப்பல் நேரத்தையே பின்பற்ற வேண்டும் என்றும், கைப்பேசி அந்தந்த நாட்டு நேரத்துக்குத் தானாக மாறிவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம் என்றும், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றும் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. நாங்கள் இறங்கிய தாய்லாந்தின் புக்கெட் நேரமோ அதைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கைப்பேசி நாலரை என்று காட்டும்போது கப்பலில் ஐந்தரை ஆகியிருக்கும். தாமதமாக வருகிறவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது என்ற எச்சரிக்கையும் அதே தாளில் இருந்தது. இது நியாயமான எச்சரிக்கை. ஆயிரக்கணக்கானோரை ஏற்றிச் செல்லும் கப்பல் இருவருக்காக நிற்க முடியாது என்பதை ஒரு நேரக் காப்பாளரின் மகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கைக்கடிகாரம் அவசியம் என்று தாங்களே எழுதியிருக்கும்போது, அதே கப்பலில் எளிய கடிகாரம் வாங்க வருகிறவரை மதிப்போடு நடத்துவதும் தங்கள் பொறுப்புத்தானே?

கப்பலேறுவதற்கு முந்தைய மாலை, சிராங்கூன் சாலையில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் 48 சிங்கப்பூர் டாலர் என்று சீட்டு ஒட்டிய கடிகாரம் ஒன்றை அப்பா பார்த்துவிட்டு நின்றார். வாங்கவிடாமல் தடுத்தவள் நான்தான். தங்கள் விளம்பரக் கையேட்டில், கப்பல் கடைகளில் தீர்வையில்லா விலை, கைக்கடிகாரங்கள் 50 டாலர் முதல் என்று போட்டிருந்ததை நம்பினேன். சிங்கப்பூரில் மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகிய நான்குக்குத்தான் சுங்கத் தீர்வை உண்டு என்பதையும், கைக்கடிகாரத்துக்கு அங்கே இருப்பது 9 விழுக்காடு விற்பனை வரி மட்டுமே என்பதையும் ஊர் திரும்பிய பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 48 டாலர்க் கடிகாரத்தில் அந்த வரி ஏறக்குறைய 4 டாலர். அவ்வளவுதான் மிச்சமாகியிருக்கும். தீர்வையில்லா விலை என்ற சொல்லைப் பார்த்ததும் பாதி விலை என்று எண்ணிக்கொள்கிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம் என்பது தங்கள் விற்பனைப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது.

கப்பல் துறைமுகத்தில் நிற்கும்வரை கடை திறப்பதில்லை. கரையை விட்டுப் போன பிறகு, இரவில்தான் திறந்தார்கள். 50 டாலர் முதல் என்ற பலகைக்குக் கீழே இருந்த தட்டில் இரண்டே கடிகாரங்கள் கிடந்தன. இரண்டும் பெண்கள் கட்டும் சிறிய கடிகாரங்கள், அவற்றில் ஒன்று ஓடவில்லை. மற்றக் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்தவற்றுக்கு விலைச்சீட்டே இல்லை. ஒவ்வொன்றாகக் கைகாட்டி விலை கேட்க வேண்டும். கேட்டால் விற்பனையாளர் அதைவிட விலை கூடிய இன்னொன்றை எடுத்து முன்னால் வைப்பார். நான்காவது முறை கேட்டபோது அப்பாவின் குரல் தாழ்ந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பேருந்தில் சில்லறை இல்லாமல் தவித்த பயணிகளிடம் அவர் பேசிய குரல் அது. அன்று அதைத் தனக்காகப் பேச நேர்ந்தது. கடைசியில் வெள்ளை முகப்பும் பெரிய எண்களும் கறுப்புத் தோல் வாரும் கொண்ட ஒரு கடிகாரத்துக்கு 65 டாலர் என்றார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஓய்வூதியத்திலிருந்து தனக்கென்று எடுத்து வைத்து, மதுரையிலேயே மாற்றிக்கொண்டு வந்த 70 சிங்கப்பூர் டாலரை அப்பா சட்டையின் உள்பையிலிருந்து எடுத்து, ஓர் ஐம்பது, ஒரு பத்து, ஓர் ஐந்து என்று கண்ணாடியின் மேல் வரிசையாக வைத்தார். விற்பனையாளர் அவற்றைத் தொடக்கூட இல்லை. இரண்டு விரல்களால் அப்படியே நகர்த்திவிட்டு, கப்பலில் ரொக்கம் செல்லாது, அறை அட்டையைக் கொடுங்கள் என்றார். கப்பலில் வாங்குவதெல்லாம் அந்த அட்டையின் கணக்கில்தான் ஏறும். அந்தக் கணக்கு என் பெயரில் இருந்தது. மகளின் கணக்கில் எனக்குக் கடிகாரம் வேண்டாம் என்று அப்பா சொன்னார். பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து பேசத் தொடங்கியபோது, நானே அட்டையை நீட்டி முடித்து வைத்தேன். அறைக்கு வந்ததும் 65 டாலரையும் என் கையில் திணித்துவிட்டுத்தான் கடிகாரத்தைக் கட்டினார்.

ரொக்கம் வாங்காதது தங்கள் விதி. அதை நான் குறை சொல்லவில்லை. கப்பலேறும்போதே கையெழுத்திட்ட தாளில் அது இருந்திருக்கும். ஆனால் அந்த 65 எந்த நாட்டு டாலர் என்பது பலகையிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை, விற்பனையாளரும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் ஏறி, சிங்கப்பூர்ப் பணத்தை எண்ணி வைத்த முதியவரிடம், இது அமெரிக்க டாலர் ஐயா என்று சொல்ல ஒரு நொடி போதும். பயணத்தின் கடைசி இரவு கதவிடுக்கில் வைக்கப்பட்ட கணக்குத் தாளில்தான் அது தெரிந்தது. சிங்கப்பூர் டாலர் தோராயமாக 67 ரூபாய் என்று வைத்து 4,355 ரூபாய் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். அமெரிக்க டாலருக்கு 86 ரூபாய் வீதம் அது 5,590 ரூபாய் ஆயிற்று. அந்நிய நாணயத்துக்காக என் வங்கி பிடித்துக்கொண்டது இன்னும் இருநூறு ரூபாய்க்கு மேல். நான் மறைக்கத்தான் பார்த்தேன். ஆனால் நடத்துநராக இருந்தவர் கணக்குத் தாளைப் படிக்காமல் விடுவாரா? ஊருக்கு வந்ததும், அடுத்த மாத ஓய்வூதியம் வந்த நாளில், மிச்சம் 1,235 ரூபாயை எண்ணி என்னிடம் கொடுத்தார். ஏமாந்துவிட்டேன் என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றுதான் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தவறு தங்கள் பலகையில் இருக்க, எழுபது வயதைக் கடந்தவர் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

கடிகாரமாவது ஓடியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். ஊர் திரும்பிய மூன்றாவது வாரத்தில் கண்ணாடிக்குள் நீர் ஆவி படிந்தது. இரண்டு நாளில் முள் நின்றது. முகப்பில் 30 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது. கட்டிக்கொண்டு நீந்தலாம் என்று விற்பனையாளர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த 30 மீட்டர் என்பது சோதனைக்கூடத்தில் கொடுக்கும் நிலையான அழுத்தத்தின் அளவே தவிர, அதை அணிந்துகொண்டு அவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதன்று. அந்தக் குறி உள்ள கடிகாரம் மழைத் தூறலையும் கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் தாங்கினால் போதும் என்பதே தொழிலில் உள்ளவர்கள் கொள்ளும் பொருள். கடிகாரம் விற்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடிகாரம் அந்த அளவுக்குக்கூடத் தாங்கவில்லை. டவுன்ஹால் ரோட்டில் பல ஆண்டுகளாகக் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போனோம். பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல ரப்பர் வாஷரே இல்லையேம்மா, முகம் கழுவினாலே தண்ணி உள்ள போயிருமே" என்றார். உள்ளே துருப்பிடித்திருந்தது. செல் மாற்றியும் பயனில்லை. உத்தரவாத அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. அதில் கடையின் முத்திரை விழ வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது, விற்ற தேதி இல்லை, முகவரிக்கு எதிரே ஒரு மின்னஞ்சல் மட்டும் இருக்கிறது. அந்த மின்னஞ்சலுக்கு எழுதித்தான் நான் தங்கள் இரண்டு பதில்களையும் பெற்றேன்.

எங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் பத்து ரூபாய் மிட்டாய்ப் பொட்டலத்தில்கூட அதிகபட்ச விலை, செய்தவர் முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் எல்லாம் இருக்கின்றன. 2011இல் வந்த பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பன்னாட்டுக் கடலில் விற்ற பொருளை அந்த விதி தொடுமா என்று சட்டம் படித்தவர்கள் வாதிடட்டும். நான் கேட்பது, சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் விலையை எழுதுவீர்களா என்பதுதான். விமான நிலையத்திலும், திரையரங்கிலும், கப்பலிலும் ஒரே கதையாக இருக்கிறது. வெளியே போக வழியில்லாத இடத்தில் மனிதரை உட்கார வைத்துவிட்டால், விலையைச் சொல்லாமலே விற்கலாம் என்ற எண்ணம் வியாபாரத்தில் வேர்விட்டுவிட்டது. அதற்கு முதலில் பலியாகிறவர்கள் விலை கேட்கக் கூச்சப்படுகிற முதியவர்கள்.

என் மாவட்டத்தில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது என்பதும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளை எங்கே வாங்கியிருந்தாலும் நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதும், ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசியும் விவரம் கேட்டுக்கொண்டேன். ஆனால் அப்பா அதை விரும்பவில்லை. கடிதம் எழுது, பதில் வரும் என்கிறார். போக்குவரத்துக் கழகத்தில் பயணிகளின் புகார்க் கடிதங்களுக்குக் கையால் பதில் எழுதிய காலத்தைச் சேர்ந்தவர் அவர். அவருடைய நம்பிக்கைக்காகவே இன்னொரு முறை பணிவோடு கேட்கிறேன்.

தங்கள் கப்பல் கடையில் ஒவ்வொரு கடிகாரத்திலும் விலையையும் நாணயத்தின் பெயரையும் எழுதி ஒட்ட ஏற்பாடு செய்யுங்கள். எளிய விலையில் உள்ளவற்றையும் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். ரொக்கம் வாங்குவதில்லை என்பதைக் கடை வாசலிலேயே, முடிந்தால் தமிழிலும், எழுதி வையுங்கள். தங்கள் கப்பலில் ஏறும் தமிழ்க் குடும்பங்கள் குறைவல்ல. ரசீதில் விற்றவர் பெயரையும், பழுதானால் அணுக வேண்டிய கரை முகவரியையும் அச்சிடுங்கள். சென்னையில் ஒன்று இருந்தாலும் போதும், நாங்கள் இரயிலேறி வந்துவிடுவோம்.

நின்றுபோன கடிகாரமும், முத்திரையில்லாத உத்தரவாத அட்டையும், கணக்குத் தாளும் ஒரே பெட்டியில் கட்டித் தயாராக இருக்கின்றன. அப்பா இப்போது மறுபடியும் அந்தப் பழைய ஜனதாவைத்தான் கட்டியிருக்கிறார். டவுன்ஹால் ரோட்டுக்காரர் வேறொரு பழைய கடிகாரத்திலிருந்து பாகம் எடுத்துப் போட்டு ஓட வைத்திருக்கிறார். பெட்டியின் மேல் அனுப்புநர் முகவரியை அப்பாவே தன் கையால் எழுதிவிட்டார். பெறுநர் முகவரிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம். அதை மட்டும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நேரக் காப்பாளர் ஒருவரின் மகள்,
செல்லூர், மதுரை.