குளத்து மீனுக்கு ஏலம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுக் குளத்தில் மீன் வளர்க்கும் உரிமையை அதிகத் தொகை கேட்பவருக்கு ஓராண்டுக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வது சரியல்ல. குத்தகை எடுத்தவர்கள் போட்ட பணத்தை எடுக்கும் அவசரத்தில் மீனுக்குத் தீனியாகக் கோழிக்கழிவைக் கொட்டுகிறார்கள். அப்புறம் தண்ணீர் பச்சையாகி, விடிகாலையில் ஆக்சிஜன் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. மதகை எப்போது திறப்பது, மீனுக்காக எவ்வளவு தண்ணீர் நிறுத்துவது என்பதை மீன்குஞ்சு விடுவதற்கு முன்பே பாசனக்காரர்களும் மீனவர்களும் துணி துவைக்க வரும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க முடியும் என்று காட்டிய எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. குத்தகைக் காலத்தை நீட்டுங்கள். முக்கியமாக, வரவு செலவை எல்லோரும் பார்க்கும்படி கரையிலேயே எழுதி வையுங்கள்.

- ஒரு வாசகர்