கொட்டாரத்தைக் கட்டியவர்களுக்கும் ஓர் அறை வேண்டும்

கேரளத் தொல்லியல் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தக்கலைக்குப் பக்கத்து ஊரிலிருந்து இதை எழுதுகிறேன். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், திற்பரப்பு அருவிக்கு முன்பாகப் பத்மநாபபுரம் கொட்டாரத்துக்குத்தான், அதாவது திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய அரண்மனைக்குத்தான், எங்கள் வீடுகளில் கூட்டிப் போவோம். திங்கட்கிழமை திறக்காது என்பது பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

முதலில் நன்றி. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நிலம் இந்தப் பக்கம் வந்தாலும் கொட்டாரம் கேரளத்தின் பொறுப்பிலேயே நின்றது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும் ஊர் இது. இங்கே ஒரு மர மாளிகையைக் கறையானுக்கும் ஈரத்துக்கும் கொடுக்காமல் காப்பது லேசான காரியம் இல்லை. அந்த உழைப்பை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இனி நான் கேட்க வந்தது. இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் கதையோடு திரும்புகிறார்கள். 1729இல் ஆட்சிக்கு வந்தவர், 1741இல் குளச்சலில் டச்சுப் படையை முறித்தவர், 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தவர். அந்தப் போரில் சிறைப்பட்ட டச்சு அதிகாரி டிலனாய் அவருக்கே தளபதியானதும், அந்த டிலனாயின் கல்லறை பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டையில் இருப்பதும் யாருக்கும் சுவையான கதைதான். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இந்த வீட்டை எழுப்பிய கைகளுக்கும், இதன் அடுப்புக்கு நெல் தந்த ஊர்களுக்கும் இதற்குள் ஓர் அறை வேண்டும்.

ஊட்டுப்புரை என்ற சாப்பாட்டுக் கூடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலும் கீழுமாக இரண்டு தளங்களில் ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் உண்ட இடம் என்கிறார்கள். வருகிறவர்கள் அந்த நீளத்தையும், ஊறுகாய் போட்டு வைத்த பெரிய பரணிகளையும் பார்த்து வாய் பிளக்கிறார்கள். அத்தனை சோற்றுக்கும் அரிசி எந்த வயலில் விளைந்தது என்ற கேள்வி அங்கே எழவே எழாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். பத்மநாபபுரம் புத்தனாறு என்று அரண்மனையின் ஊர்ப் பெயரோடு ஒரு கால்வாய் இன்றும் கோதையாற்றுப் பாசனத்தில் ஓடுகிறது. அந்த வாய்க்கால்களையும் வயல்களையும் காட்டும் வரைபடம் ஒன்றை ஊட்டுப்புரைச் சுவரில் மாட்டினால் அந்த இடமே வேறு மாதிரி பேசும்.

அந்த வயல்காரர்கள் வாய் மூடி வரி கட்டியவர்களும் இல்லை. மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வருவதற்கு முன்பே நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி, அநியாய வரிக்கு எதிராகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டுப் பழைய ஓலை ஆவணங்களைப் படித்தவர்களுக்கு இந்தப் பக்கத்து வரி, நிலம், தண்ணீர் வழக்குகள் எல்லாம் தெரியும். ஆளை அடிமையாக விற்ற ஓலைகளும் அவற்றில் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. இதை எல்லாம் மறைத்துவிட்டு ஒரு ராஜாவின் வீட்டை மட்டும் காட்டினால், பாதி வீட்டைத்தான் காட்டுகிறோம். அந்த ஓலைகளின் சில படிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வையுங்கள். பிள்ளைகள் படிக்கட்டும், சங்கடப்பட்டாலும் படிக்கட்டும்.

அப்புறம் மரவேலை செய்த ஆசாரிமார். கொட்டாரத்தின் மிகப் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலா மரத்தில் செதுக்கிய தூணின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான்: இதைச் செய்தவர் பெயர் என்ன? பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தின் மேற்கூரையில் ஒன்றுபோல் ஒன்று இல்லாத பூக்களைச் செதுக்கியவர்கள் எந்த ஊர்க்காரர்கள்? தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்தது என்று சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையைக் கண்ணாடிபோல் தேய்த்துத் தேய்த்து எடுத்தவர்கள் யார்? பெயர்கள் இனிக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்தத் தொழில் இந்தப் பக்கத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது. வயதான தச்சர்களை உட்கார வைத்து, இந்த மரப் பொருத்துகளைப் பார்த்து அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அவர்களுடைய உளி, இழைப்புளி, முழக்கோல் எல்லாம் ஒரு கண்ணாடிப் பேழையில் இருக்கட்டும். ராஜாவின் கட்டிலுக்கு இருக்கிற இடம் அந்தக் கட்டிலைச் செய்யும் கருவிக்கும் கிடைக்கட்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. எல்லாச் சாதி இந்துக்களுக்கும் கோயிலைத் திறந்துவிட்ட அரச அறிவிப்பான கோயில் பிரவேச விளம்பரம் திருவிதாங்கூரில் வந்தது 1936இல். அதுவரை கோயிலுக்குள் கால் வைக்க முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று சீட்டு எடுத்து இந்தக் கொட்டாரத்துக்குள் தலை நிமிர்ந்து வருகிறார்கள். உள்ளே தங்கள் முன்னோரைப் பற்றி ஒரு வரியாவது அவர்கள் கண்ணில் பட வேண்டாமா?

இரண்டு மாநிலத்துக்கு நடுவில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் புறப்படும்போது, கொட்டாரத்தின் உப்பரிகை மாளிகையில் ராஜாவின் உடைவாளை வாங்கிக்கொண்டு இரு மாநிலத்தாரும் சேர்ந்துதான் நடக்கிறார்கள். இரண்டு போலீசும் மரியாதை செய்கிறது. சாமிக்காகச் செய்ய முடிந்ததை, கொட்டாரத்தைக் கட்டிச் சோறு போட்டவர்களுக்காகவும் செய்யலாம்.

ஊட்டுப்புரையிலிருந்தே தொடங்குங்கள். இந்தப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், விவசாயிகள், ஆசாரிமார் ஆகியோரை அழைத்து ஒரு கூட்டம் போடுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய கருவி, பழைய ஓலை, பாட்டி சொன்ன கதை என்று எது இருந்தாலும் கொண்டுவரச் சொல்லி ஊர் ஊராகச் சொல்ல நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கல்குளம் தாலுகாவிலிருந்து ஒருவர்